ஒரு கம்பிக்கு எத்தனை நம்பர்?

டைரக்டரியைப் புரட்டினால் பெயர், தெரு, நம்பர். இல்லாவிட்டால் 197. ஒரு கம்பிக்கு ஒரு நம்பர் என்று பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கைக் கெடுத்தது ஐ.எஸ்.டி.என். பிரான்சில் அது 1987-இலேயே 'நுமெரிஸ்' என்ற பெயரில் வந்துவிட்டது. நம் ஊர் ஆபீசுகளுக்குப் பிற்பாடுதான் வந்தது.

சின்ன ஐ.எஸ்.டி.என். லைனில் பேசுவதற்கு இரண்டு வழி, சைகைக்கு ஒரு வழி. ஆனால் நம்பர்கள் இரண்டுக்கு மேலும் இருக்கலாம்: போனுக்கு ஒன்று, ஃபேக்ஸுக்கு ஒன்று, அதிகாரி மேசைக்கு ஒன்று. பி.ஆர்.ஐ. என்கிற பெரிய லைனில் 30 வழி. அதன் பின்னால் நூறு நம்பர்கூட இருக்கும். நம்பர் என்பது இப்போது கம்பி இல்லை, எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டரில் எழுதிய ஒரு வரி.

அந்த லைனுக்கு எந்தெந்த நம்பர் என்று கண்டுபிடிக்க, அதிலிருந்து ஒரு செல்போனுக்குக் கூப்பிட்டுப் பார் என்பார்கள். அது அரைக் கிணறு. ஆபீஸ் பெட்டி தன் நம்பரைச் சொல்லாவிட்டாலோ, தனக்கு ஒதுக்காத நம்பரைச் சொன்னாலோ, எக்ஸ்சேஞ்ச் வழக்கமாகத் தலை நம்பரையே போட்டு அனுப்பும். மற்றவை வெளியே தெரியாது. ஒவ்வொரு நம்பருக்கும் வெளியிலிருந்து அடித்து எந்த மேசையில் மணி அடிக்கிறது என்று பார்க்கலாம்தான். அதற்கு முதலில் அந்த நம்பர் தெரிந்திருக்க வேண்டுமே! முழுப் பட்டியல் லைன் கொடுத்தவரிடம்தான் இருக்கும். அதை எழுத்தில் வாங்கி ஃபைலில் வைக்க வேண்டியது ஆபீசின் வேலை.

ஐ.எஸ்.டி.என். இன்று பழைய சரக்கு. இணைய வழி லைன்களிலும் இதே கதைதான், நம்பர்கள்தான் இன்னும் அதிகம். நம் கதிர்காமத்து நண்பர் ஒருவருக்கு ஓர் ஆபீசிலிருந்து பென்ஷன் விஷயமாகப் போன் வந்தது. திருப்பிக் கூப்பிட்டால் 'ஒன்றை அழுத்தவும்' என்று குரல். ஆட்டோ பிடித்து நேரில் போய்க் கேட்டார். அது தங்கள் நம்பரா என்றே அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எழுபது வயதில் அவர் எதை நம்புவார்? 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவனும் இப்படித்தானே போனில் வருகிறான். அரசுக்கும் வங்கிகளுக்கும் 160 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் மேசையிலிருந்து பேசும் கிளார்க்கின் போன் அதில் வராது.

பிரெஞ்சில் படித்த நமக்கு டைரக்டரி என்றால் 'அனுவேர்'. வருஷம் என்ற சொல்லிலிருந்து வந்தது. வருஷா வருஷம் புதுப்பி என்று பெயரே சொல்கிறது. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு கடிதத்துக்கும் நம்பர் போட்ட ஆபீசுக்குத் தன் போன் நம்பர்களை எழுதி வைக்க முடியாதா?

2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அதிகாரிகள், ஊழியர்களின் டைரக்டரியை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. பெயரும் பொது நம்பரும் மட்டும் போட்டால் போதாது. எந்தெந்த நம்பரிலிருந்து நம்மைக் கூப்பிடுவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.