படிக்க முடியாத எழுத்து

கல்யாணப் பேச்சு எடுத்ததும் கொங்கு வீடுகளில் பீரோவிலிருந்து ஜாதகம் வெளியே வந்துவிடும். மஞ்சள் தடவிய தாள், 12 கட்டங்கள், உள்ளே சுருக்கெழுத்தில் கிரகங்கள். ஜோசியரைத் தவிர யாருக்கும் முழுசாகப் புரியாது. ஆனாலும் வீடே அதைப் பயபக்தியோடு பார்க்கும்.

அந்தப் பார்வையை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அதற்கே முதல்வரானார். காந்தி, ஏசு, இயற்கைக் காட்சிகள் என்று வரைந்துகொண்டிருந்தவர், 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். முதலில் எண்களும் கணக்குக் குறிகளும் வந்தன. பிறகு மலையாள எழுத்து, ஜாதகக் கட்டம், யந்திரத் தகட்டை நினைவூட்டும் கோடுகள்.

மலையாளம் தெரிந்தவர்களும் அதைப் படித்துவிட முடியாது. பார்க்க எழுத்துதான், அர்த்தம் பிடிபடாது. ஆனாலும் கண் அங்கேயே நிற்கும். தாயத்துக்குள் சுருட்டி வைத்த தகட்டை யார் பிரித்துப் படிக்கிறார்கள்?

பணிக்கர் பிறந்த அதே 1911-ன் கடைசியில், ஜெர்மனியில் காண்டின்ஸ்கியின் 'கலையில் ஆன்மிகம்' பற்றிய நூல் வெளிவந்தது. வண்ணமும் கோடும் ஆன்மாவைத் தொடும் என்றார் அவர். அவரைப் பாதித்த நூல்களில் ஒன்று, அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எழுதிய 'எண்ண வடிவங்கள்'. கோபத்துக்கு ஒரு நிறம், பக்திக்கு ஒரு வடிவம் என்று படம் போட்ட புத்தகம் அது. பெசன்ட்டின் பிரம்மஞான சபைக்குத் தலைமையகம் நம் அடையாறு! ஹாலந்து ஓவியர் மாண்ட்ரியனும் 1909-ல் அந்தச் சபையில் சேர்ந்தவர்தான்.

பணிக்கரின் ஓவியங்களைச் சாமி படம் என்று கும்பிடுவது அதிகப்படி. யந்திரத்துக்குப் பூஜை உண்டு, ஜாதகத்துக்குப் பலன் உண்டு. இவற்றுக்கு இரண்டும் இல்லை. வெறும் டிசைன் என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. பயமும் நம்பிக்கையும் தலைமுறை தலைமுறையாக ஏறிய கோடுகள் அவை. சட்டத்துக்குள் மாட்டினாலும் அந்தக் கனம் போய்விடுவதில்லை.

இப்படி வரைந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி? அதற்கும் அவர் யோசித்தார். மாணவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வாங்கி, 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். 1977-ல் பணிக்கர் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. அவருடைய ஓவியங்களுக்கென்றே திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக்கூடம் உண்டு. கோவையிலிருந்து ரயிலிலேயே போய்வரலாம்.