வீதிக்கேற்ற வாகனம்

 

நங்கநல்லூரிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்திருக்கின்றார். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், வயது முதிர்ந்த தாயார் என ஐவர் கொண்ட குடும்பம் அவருடையது. அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைவீதி என்று அன்றாடம் அலைய வேண்டியிருக்கின்றது. "கார் சுறுசுறுப்பாக ஓட வேண்டும், மழையாயினும் வெயிலாயினும் கைவிடக் கூடாது. எதை வாங்கலாம்?" என்று கேட்கின்றார்.

மார்க்க வினாக்களுக்கு நடுவே இப்படியும் ஒரு வினாவா என்று சிலர் புன்னகைக்கலாம். ஆனால், வீட்டிற்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் பெருந்தொகையைச் செலவிடுவது காரில்தான். அதில் நம் மக்களின் உயிரையும் ஏற்றிச் செல்கின்றோம். எனவே, இது நிதானமாகச் சிந்திக்க வேண்டிய செய்தியே ஆகும்.

கார் வாங்க நினைப்போர் முதலில் விளம்பரத்தைப் பார்க்கின்றனர். அதில் ஒரு கார் மலைப்பாதையில் தனியாகப் பறந்து செல்லும். நம்முடைய கார் அந்தப் பாதையில் ஆண்டுக்கு ஒரு முறை ஓடினால் அதிகம். எஞ்சிய நாட்களெல்லாம் அது ஓடப்போவது நம் தெருவில்தான். ஆகவே, காட்சிக்கூடத்திற்குள் நுழையுமுன் உங்கள் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். இரு பக்கமும் வண்டிகள் நிற்கும் குறுக்குத் தெரு, பழவந்தாங்கல் சுரங்கப்பாதை, அதைக் கடந்தால் ஓயாத ஜி.எஸ்.டி. சாலை, மறுபுறம் சென்றால் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை, அதற்கப்பால் வேளச்சேரி. இவைதாம் உங்கள் காருக்குத் தேர்வு வைக்கப்போகும் இடங்கள்.

இனி, 'சுறுசுறுப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சென்னையில் காருக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர் என்று போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வேக வரம்பு வகுத்தது. அவ்வாறிருக்க, மணிக்கு 180 கிலோமீட்டர் ஓடக்கூடிய கார் நமக்கு எதற்கு? நகரத்தில் சுறுசுறுப்பு என்பது மூன்று செய்திகளைப் பொறுத்தது. நின்ற இடத்திலிருந்து தயங்காமல் கிளம்புவது ஒன்று. இடுக்கான தெருவில் ஒரே மூச்சில் திரும்புவது மற்றொன்று. கிடைத்த சிறு இடத்தில் நிற்பது மூன்றாவது.

மதரஸா வாசலில் மாலை நேரத்தில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்களைப் பார்க்கின்றேன். பெரிய கார் திரும்புவதற்குள் முன்னும் பின்னுமாக நான்கு முறை நகர்கின்றது, தெருவே நின்றுவிடுகின்றது. சின்னக் கார் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகின்றது. விற்பனையாளரிடம் குதிரைத் திறனை மட்டும் கேட்காமல், திரும்பு ஆரம் எவ்வளவு என்றும் கேளுங்கள். வாகன் ஆர் காருக்கு அது 4.7 மீட்டர், ஸ்விஃப்ட் காருக்கு 4.8 மீட்டர். ஐந்து மீட்டரைத் தாண்டாமலிருப்பது நம் தெருக்களுக்கு நலம்.

நீளம் நான்கு மீட்டருக்குள் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நான்கு மீட்டருக்கு மேற்படாத, 1200 சி.சி.க்கு மேற்படாத இன்ஜின் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதைவிடப் பெரிய கார்களுக்கு அது 40 விழுக்காடு. ஒரு சாண் நீளத்திற்காக எவ்வளவு வரி கட்டுகின்றோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எரிபொருளைப் பொறுத்தவரை, நாள்தோறும் ஐந்து, பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவோருக்கு டீசல் ஏற்றதன்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்த பின் டீசல் கார்களின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகின்றது. அந்தக் கரி எரிந்து தீர வேண்டுமானால் நெடுஞ்சாலையில் சற்று நேரம் சூடாக ஓட வேண்டும். சிற்றோட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். கேஸ் கார் செலவைக் குறைக்கும். ஆனால் சாமான் வைக்கும் இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். மின்சாரக் கார் கிளம்புவதில் எல்லாவற்றையும் விஞ்சும். எனினும் வீட்டு வாசலிலேயே மின்னேற்ற வசதி இருந்தால்தான் அது நிம்மதி தரும். அடுக்குமாடியில் வாழ்வோர் அதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏனையோருக்கு 1200 சி.சி. பெட்ரோல் காரே பொருத்தம். அடிக்கடி சிக்னலில் நிற்பவர்கள் கிளச் மிதிக்கத் தேவையில்லாத ஏ.எம்.டி. வகையை எண்ணிப் பார்க்கலாம். அதில் கியர் மாறும்போது சிறு தயக்கம் இருக்கும் என்பதை ஓட்டிப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றேன். எல்லாப் பயணத்திற்கும் கார் விரைவானதன்று. நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கு ஏறினால் வண்டி மாறாமலேயே மண்ணடியில் இறங்கலாம். மண்ணடிக்குக் காரில் சென்று நிறுத்த இடம் தேடி அலைந்தவர்கள் இதன் அருமையை அறிவர். மெட்ரோவில் போகக்கூடிய வழிக்கு மெட்ரோவையே நம்பினால், சிறிய காரே உங்களுக்குப் போதும் என்பது விளங்கும்.

அடுத்தது மழை. சென்னைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கின்றது. 2015 டிசம்பர் முதல் நாளை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை கடந்தது. நமக்கு அண்டையிலுள்ள விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. நகரெங்கும் கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே காட்சியைக் கண்டோம்.

மழைக்காலத்தை எண்ணித் தரையிலிருந்து உயரமான காரைத் தேடுவது அறிவுடைமையே. வாகன் ஆர் 165 மில்லிமீட்டர் உயரம். டாடா பஞ்ச் 187 மில்லிமீட்டர். பள்ளத்திற்கும் வேகத்தடைக்கும் இவ்வுயரம் உதவும். ஆனால், 187 மில்லிமீட்டர் உயரம் என்பது வெள்ளத்தில் இறங்குவதற்கு வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டன்று. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. சுரங்கப்பாதைகளுக்கு அது பெரிதும் பொருந்தும். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும்.

இன்ஜின் எவ்வாறு கெடுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜின் காற்றை உறிஞ்சி, அதை அழுத்தி, எரிபொருளோடு எரிக்கின்றது. காற்றுக் குழாய் வழியே நீர் புகுந்தால், அந்த நீரை அழுத்த முடியாது. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. மேலேறி வரும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பிறகு இன்ஜினையே பிரிக்க வேண்டும். பெரும்பாலும் இது நடப்பது கார் நீரில் நின்ற பின், பதற்றத்தில் மீண்டும் சாவியைத் திருப்பும்போதுதான். ஆகவே, நீரில் கார் நின்றுவிட்டால் மறுபடியும் கிளப்பவே கூடாது. முதலில் குடும்பத்தாரை மேட்டில் ஏற்றிவிட்டு, நீர் வடிந்த பின் வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

காப்பீட்டிலும் கவனம் வேண்டும். சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீடு வெள்ளத்தில் கெட்ட காருக்கு ஒரு காசும் தராது. முழுக் காப்பீடு எடுத்தாலும், நீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பியதால் வந்த சேதத்தை அது பொதுவாக ஏற்பதில்லை. அதற்கென்று 'இன்ஜின் பாதுகாப்பு' என்னும் கூடுதல் பிரிவு உண்டு. சென்னைத் தாழ்நிலங்களில் வாழ்வோர் இருக்கை உறைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுமுன் இதற்குச் செலவிட வேண்டும்.

காரை எங்கே நிறுத்துவது என்பதையும் வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். சிலர் அதைக் கண்டு நகைத்தனர். அனுபவப்பட்டவர்களின் முன்யோசனை அது. உங்கள் தெருவிற்கு அருகில் மேடான இடம் எது? உறவினர் வீடா, வாடகை நிறுத்துமிடமா? மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் ஒரு தேர்வுதான். 2003 மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. நடுப்பகலில் வெயிலில் நின்ற காரை எடுத்து ஏ.சி. எவ்வளவு நேரத்தில் குளிர்கின்றது, பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் தாயாருக்குக் காற்று எட்டுகின்றதா என்று சோதித்துப் பாருங்கள். வெளிர் நிறம் வெப்பத்தைக் குறைவாக ஈர்க்கும். மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி அளவுக்கு வெப்பம் ஏறிவிடும். ஒரு நிமிட வேலை என்று பிள்ளையை உள்ளே விட்டு இறங்காதீர்கள். பெண்கள் மறைவாக அமர்வதற்கென்று கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. 2012ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கறுப்புத் தாளைத் தடை செய்தது. முன் பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. காசையும் கொடுத்து அபராதத்தையும் தேடிக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. இந்தியாவிலேயே கார்களை மோதவிட்டுச் சோதித்து விண்மீன் வழங்கும் 'பாரத் என்.சி.ஏ.பி.' முறை 2023 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே 'குளோபல் என்.சி.ஏ.பி.' அமைப்பு இந்தியக் கார்களைச் சோதித்து வருகின்றது. அதன் சோதனையில், பெரியவர்களின் பாதுகாப்பிற்காக 2021இல் பஞ்ச் ஐந்து விண்மீன் பெற்றது. 2023இல் வாகன் ஆர் ஒன்றே பெற்றது. 2024இல் சோதிக்கப்பட்ட புதிய டிசையர் ஐந்து பெற்றது. வாகன் ஆர் காரில் பின்னர் காற்றுப்பைகள் கூட்டப்பட்டன. எனினும் மோதலில் கூடு உறுதியாக நிற்கின்றதா என்பதைக் காற்றுப்பையின் எண்ணிக்கை சொல்லாது. ஏறி இறங்க எளிது, திரும்புவதற்கு எளிது என்ற நன்மைகளை ஒரு தட்டிலும், இந்த விண்மீன்களை மறு தட்டிலும் வைத்துத் தாங்களே எடை போடுங்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் என்ற முறையில் என் தராசு இரண்டாவது தட்டுப் பக்கமே சாய்கின்றது.

ஐந்து விண்மீன் இருந்தாலும் பெல்ட் அணியாவிட்டால் பயனில்லை. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. பின்னிருக்கையிலும் பெல்ட் கட்டாயம் என்பதே சட்டம். ஐவர் கொண்ட குடும்பம் பின்னிருக்கையின் நடுவில் அமர்பவருக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நிறைவாகப் பணம். வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் கையிருப்புக்கு ஏற்றவாறு பழைய கார் வாங்குவதுண்டு. அதில் குறைவொன்றுமில்லை, ஆனால் எச்சரிக்கை தேவை. 2015 வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல, பின்னர் ஏலத்திற்கு வந்தன. அத்தகைய வண்டிகள் மெருகேற்றப்பட்டு நம் கைக்கு வரக்கூடும். பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு ஏறியிருக்கின்றதா என்று தடவிப் பாருங்கள். பழைய காப்பீட்டில் இழப்பீடு கோரப்பட்டதா என்று விசாரியுங்கள். பதிவுச் சான்றில் கடன் நிலுவை உண்டா என்பதையும் பாருங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அது மழைச் சாலையைப் பற்றாது. டயர்களை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூர்ச் சகோதரருக்கு என் விடை இதுதான்: நான்கு மீட்டருக்குள் அடங்கும் 1200 சி.சி. பெட்ரோல் கார், தாயார் குனியாமல் ஏறத்தக்க இருக்கை, சற்றே உயர்ந்த அடிப்பகுதி, ஐந்து விண்மீன், ஐந்து பெல்ட், இன்ஜின் பாதுகாப்புடன் கூடிய காப்பீடு. இத்தனையும் அமையும் கார்கள் இரண்டு மூன்று உண்டு. அவற்றுள் எதன் பழுது பார்க்கும் நிலையம் உங்கள் வீட்டிற்கு அருகில் இருக்கின்றதோ, அதையே தேர்ந்தெடுங்கள். வாங்குமுன் குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, காட்சிக்கூடத்தார் காட்டும் அகலமான சாலையில் அன்றி, உங்கள் குறுக்குத் தெருவிலும் சுரங்கப்பாதையிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.