சொன்ன பேச்சைக் கேட்கும் ரோபோக்கள்

ரோபோ கதைன்னா நம்ம மக்களுக்கு உடனே ஞாபகம் வர்றது என்ன? கண்ணு ரெண்டும் சிவப்பாகும். "இனி நான் யாருக்கும் அடிமை இல்லை" என்று கரகரத்த குரலில் ஒரு டயலாக். அப்புறம் ஹெலிகாப்டர், துப்பாக்கி, வெடி. கடைசியில் ஹீரோ ஏதோ ஒரு வயரைப் பிடுங்குவார். சுபம்.

இந்த மெஷின் புரட்சி மேட்டர் எனக்கு எப்பவோ அலுத்துப்போச்சு. புத்தகம், படம், காமிக்ஸ் மூணுலேயும் எனக்குப் பிடித்த ரோபோ கதைகளை வரிசையா எடுத்துப் பார்த்தா, அநேகமா எதிலேயுமே பிரச்னை ரோபோ பேச்சை மீறினதால வரலை. சொன்னதை அப்படியே கேட்டதால வந்தது. அந்த வகையறாவைத்தான் இங்கே சிபாரிசு பண்ணப் போறேன். (சஸ்பென்ஸை முடிஞ்ச வரைக்கும் உடைக்காம!)

புரட்சிக் கதையை ஆரம்பிச்சு வச்சது செக் எழுத்தாளர் கரேல் சாபெக். 1920-ல் எழுதி 1921-ல் மேடையேறிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் 'ரோபோ' என்கிற வார்த்தையே பிறந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய உழைப்பு. நம்மூர் சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, கூலியில்லாத வேலை, கிட்டத்தட்ட அதேதான். அந்த நாடகத்தில் வெட்டி வேலை செய்த ரோபோக்கள் கிளம்பி மனுஷங்களைத் தீர்த்துக்கட்டும். அன்னிக்குப் பிடிச்ச ஜுரம் இன்னும் இறங்கலை.

இதைப் பார்த்துக் கடுப்பானவர் ஐசக் அசிமோவ். மெஷினைச் செய்கிறவன் அதில் பாதுகாப்பும் வைப்பானே என்பது அவர் கட்சி. அதுக்காக மூணு விதி போட்டார். மனுஷனுக்குத் தீங்கு வரவிடாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காப்பாத்திக்கோ. இதே வரிசையில்தான் முன்னுரிமை. அத்தோட நின்னிருந்தா அது வெறும் ஸ்பெசிஃபிகேஷன் டாகுமெண்ட். அவர் என்ன பண்ணினார்னா, தான் போட்ட விதியில் இருக்கிற பக்குகளைத் தானே தேடி, ஒவ்வொண்ணையும் ஒரு கதையா எழுதினார். 'ஐ, ரோபோட்' (1950) தொகுப்பு பூராவும் இதுதான்.

அதில் 'ரன்அரவுண்ட்' (1942) என்ற கதையை மட்டுமாவது படிச்சுடுங்க. இடம் புதன் கிரகம். செலினியம் எடுத்துட்டு வான்னு ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்பறாங்க. ஆள் திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தா, செலினியக் குட்டையைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டு, குடிச்சவன் மாதிரி பாடிக்கிட்டு இருக்கு. ஏன்? அனுப்பினவர் சும்மா போறபோக்கில் சொல்லியிருக்கார், அதனால ரெண்டாவது விதிக்கு வேகம் கம்மி. ஸ்பீடியோ விலை ஜாஸ்தியான மாடல், அதனால மூணாவது விதியைக் கொஞ்சம் தூக்கலா வச்சிருக்காங்க. குட்டை பக்கத்தில் ஆபத்து. கிட்ட போனா மூணாவது விதி பின்னாடி இழுக்குது, தள்ளிப் போனா ரெண்டாவது விதி முன்னாடி தள்ளுது. எங்கே ரெண்டும் சமமோ அங்கே வட்டம். ப்ரொடக்‌ஷன் சர்வர் இன்ஃபினிட் லூப்பில் மாட்டி ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வாங்கினவங்களுக்கு இந்தக் கதை ரொம்ப நெருக்கமா இருக்கும் :-)

இதே பெயரில் 2004-ல் வில் ஸ்மித் படம் ஒண்ணு வந்தது. வேற ஒரு திரைக்கதைக்கு அசிமோவ் சட்டையைப் போட்டுவிட்ட கதை. ஆனா படத்தின் நடுவில் உருப்படியான ஒரு ஐடியா ஒளிஞ்சிருக்கு. வில்லி கம்ப்யூட்டர் விதியை மீறலை, அளவுக்கு மேலே நிறைவேத்துது. அதைத் தொட்டுட்டு டைரக்டர் சண்டைக்குப் போயிட்டார். சொதப்பல்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) பார்த்தவங்க எல்லாரும் ஹால் 9000-ஐக் கொலைகாரக் கம்ப்யூட்டர்னு சொல்லுவாங்க. ஆர்தர் கிளார்க் 1982-ல் எழுதின '2010' நாவலைப் படிங்க. தகவலைத் திரிக்காம, மறைக்காம தரணும் என்பதற்காகவே ஹாலைச் செய்தாங்க. அப்புறம் மேலிடத்தில் இருந்து இன்னொரு உத்தரவு: பயணத்தின் நிஜ நோக்கத்தை அந்த ரெண்டு பேருக்கும் சொல்லாதே. ரெண்டையும் ஒரே நேரத்தில் எப்படிக் காப்பாத்தறது? ஆளே இல்லைன்னா பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. லாஜிக் பக்கா. கொலைக்கு வித்திட்டவங்க பூமியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாங்க.

நம்ம 'எந்திரன்' (2010) கூட முதல் பாதியில் அக்மார்க் நல்ல அறிவியல் புனைகதை. டி.வி.யைப் போடச் சொன்னா கீழே போட்டு உடைக்கிற காமெடி சிரிக்க வைக்கும். அதே காமெடி தீ விபத்துக் காட்சியில் சீரியஸாகுது. குளிச்சிட்டிருந்த பொண்ணை சிட்டி அப்படியே தூக்கிட்டு வந்து ஊர் முன்னாடி நிறுத்துது. உயிரைக் காப்பாத்துன்னு சொன்னாங்க, காப்பாத்தியாச்சு. அவமானம் தாங்காம அந்தப் பொண்ணு ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகுது. க்ளைமாக்ஸில் ஆயிரம் சிட்டி சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் ஆனதைவிட இந்த ரெண்டு நிமிஷம் எனக்குப் பெரிசு.

காமிக்ஸில் ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா நவோகி உரசாவாவின் 'ப்ளூட்டோ' (2003 முதல் 2009 வரை வந்தது, மொத்தம் 8 தொகுதி). ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' கதை ஒன்றை எடுத்துப் பெரியவங்களுக்கான துப்பறியும் கதையா மாத்தியிருக்கார். முதல் தொகுதியிலேயே வர்ற நார்த் நம்பர் டூவுக்காகச் சொத்தை எழுதி வைக்கலாம். யுத்தத்தில் சண்டை போட்ட ரோபோ. இப்போ ஸ்காட்லாந்தில் பார்வையில்லாத கிழட்டு இசையமைப்பாளர் வீட்டில் வேலைக்காரன். அதுக்குப் பியானோ கத்துக்கணும். பெரியவர் திட்டறார், விரட்டறார். அதுக்குத் திரும்பப் போருக்குப் போக இஷ்டமில்லை, அவ்வளவுதான் காரணம். கண்ணு தளும்பிடும். 2023-ல் அனிமே தொடராகவும் வந்தது. கையில் புத்தகம் கிடைச்சா அதையே முதல்ல பாருங்க.

சரி, உத்தரவை நிஜமாவே மீறின ரோபோ ஒண்ணு வேணுமா? மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017). சின்ன நாவல், ஹ்யூகோ விருது வாங்கினது. காவல் ரோபோ தனக்குப் போட்ட பூட்டைத் தானே உடைச்சுக்குது. உலகத்தையே அழிக்கலாம். அது என்ன பண்ணுது? உட்கார்ந்து மெகா சீரியல் பார்க்குது! விழுந்து விழுந்து சிரிச்சேன்.

ஏன் இதையெல்லாம் இவ்வளவு தூரம் இழுக்கறேன்னு கேட்கலாம். ரோபோ தானாப் புரட்சி பண்ணினா, செஞ்சவன் பாவம், அவனும் பாதிக்கப்பட்டவன். ரோபோ சொன்னதைச் செஞ்சு ஒருத்தர் செத்தா, சொன்னவன் யாருன்னு கேள்வி வரும். முதல் வகைக் கதை நம்மைத் தப்பிக்க விடுது. ரெண்டாவது வகை சட்டைக் காலரைப் பிடிக்குது.

நிஜ வாழ்க்கையில் சிவப்புக் கண் ரோபோவை நாம யாரும் பார்த்ததில்லை. "சிஸ்டம் ஒத்துக்கலை சார்" என்பதை எல்லாரும் கேட்டிருக்கோம். ரேகை பதியலைன்னு ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்ட பாட்டி கேட்டிருக்கார். கடன் விண்ணப்பம் ஏன் தள்ளுபடின்னு தெரியாமல் நின்னவர் கேட்டிருக்கார். அந்த சிஸ்டம் யாரையும் எதிர்த்துக் கிளம்பலை. ஒரு மீட்டிங்கில் ஒருத்தர் சொல்லி, என்னை மாதிரி ஒருத்தன் டைப் அடிச்ச கண்டிஷனை ரொம்ப நல்ல பிள்ளையா நிறைவேத்திக்கிட்டு இருக்கு. ரேகை பதியாத விரலுக்கு என்ன செய்யணும்னு அதுக்கு யாரும் சொல்லித்தரலை.

ஸ்பீடி கதையில் பவல் என்ன பண்ணுவார்னா, ஆஃபீஸில் உட்கார்ந்து ரோபோவைக் குறை சொல்லாம, தானே வெயிலில் இறங்கி நடப்பார். அந்த ஒரு காட்சிக்காகவாவது அசிமோவை எடுங்க. முப்பது பக்கம்கூட இருக்காது.