எமது பெயரில் வந்த பணம்

இடம்பெயர்ந்த நாள் முதல் நாம் எத்தனையோ படிவங்கள் நிரப்பிவிட்டோம். வீடு, கிணறு, மாடு, விதைநெல் என இழந்த ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டினோம். எமது பெயரில் ஒதுக்கப்பட்ட பணத்தின் கணக்கை நம்மில் எத்தனை பேர் கண்டோம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட வேலைத்திட்டங்களின் விபரத்தை, அவசர வேலைகள் தவிர, தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே பாதிக்கப்படும் மக்களுக்கு அமைச்சர் அறிவிக்க வேண்டும். நாம் கேட்டால், தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயாலும் கேட்கலாம்.

கேட்டால் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் நமக்குண்டு. ஆகவே தனித்தனியே நில்லாமல் சங்கமாகக் கேட்போம். சட்டம் அதற்கும் இடமளிக்கிறது. குளத்துக்கு எவ்வளவு வந்தது, அலைகரையில் எவ்வளவு போடப்பட்டது என்று கேட்போம்.

அதற்கு முன், நமது சங்கத்தின் கணக்கையும் பொதுமண்டபச் சுவரில் ஒட்டுவோம். தன் கணக்கைக் காட்டுபவனே பிறர் கணக்கைத் தயங்காமல் கேட்கலாம்.