விடுவிக்கப்பட்டவரும் நம்மவரே

நவம்பர் வந்துவிட்டால் போதும். ஐ.பி.எல். அணிகளில் யார் தங்குவார், யார் போவார் என்ற வதந்திகள் பெங்களூரில் பறக்கத் தொடங்கிவிடும். நம் சங்க அன்பர்களும் இதற்கு விலக்கல்லர். பேசுவதில் தவறில்லை. ஆனால் போகிறவரை 'உதவாதவர்', 'துரோகி' என்று ஏசுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

2025 பருவத்துக்கான ஏலத்தில் ஓர் அணி செலவழிக்கும் வரம்பு 120 கோடி ரூபாய். பெங்களூர் அணி கோலி, பட்டிதார், யஷ் தயாள் ஆகிய மூவரை மட்டுமே தக்கவைத்தது. ஏழு பருவங்கள் நமக்காகப் பந்து வீசிய முகமது சிராஜ் விடுவிக்கப்பட்டார். குஜராத் அவரை 12.25 கோடிக்கு எடுத்தது. 2025 ஏப்ரல் 2 அன்று, நம் சின்னசாமி மைதானத்திலேயே 19 ரன்களுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். ஆயினும் ஜூன் 3 அன்று கோப்பையை வென்றது பெங்களூர்தான். அணியின் கணக்கும் பொய்க்கவில்லை. சிராஜின் திறமையும் குறையவில்லை.

சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக்கைப் பாருங்கள். 2015-இல் இங்கு ஆடினார். அடுத்த ஆண்டே வேறு அணி. 2022-இல் மீண்டும் வந்தார். 2024-இல் ஓய்வு பெற்றபின், கோப்பை வென்ற அணிக்கு அவரே பேட்டிங் பயிற்சியாளர்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். கம்பெனி மாறியவரை நம் வீட்டில் யாரும் துரோகி என்பதில்லை. பழைய வீரர் எதிரணிச் சட்டையில் பெங்களூருக்கு வந்தால், முதல் பந்துக்கு முன் கைதட்டி வரவேற்போம். அதன்பின் நம் அணி அவரை அடித்து நொறுக்கட்டும்!