கேட்டால் குற்றமா?

"கற்பனைக் கதைதானே! அதிலே கணக்குப் பார்ப்பதா?" என்று கேலி பேசுகிறார்கள் சிலர். பார்க்கத்தான் வேண்டும், தோழர்களே!

'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்க விண்வெளிக் கதையை 2009-இல் புது நடிகர்களைக் கொண்டு புதுப்பித்தார்கள். அடுத்த படம் 2013-இல் வந்தது. அதிலே கான் என்ற வில்லன், கருவி ஒன்றின் துணையால், பூமியிலிருந்து கிளிங்கான்களின் கோளுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுகிறான். அப்படியானால் விண்கப்பல் எதற்கு? படை எதற்கு? படத்திலே பதில் இல்லை!

கப்பல் தலைவன் கிர்க் மாண்டான். கானின் குருதி உயிர் தரும் என்கிறார் மருத்துவர். அவனை உயிரோடு பிடிக்க ஓட்டமோ ஓட்டம்! அவன் இனத்தார் 72 பேர் அதே கப்பலிலே உறைந்து கிடந்தார்களே, ஒரு துளி கிடைக்காதா என்றனர் ரசிகர்கள். அவர்கள் குருதியும் அத்தகையதென்று யார் கண்டது என்றனர் வேறு சிலர். வாதம் வளர்ந்தது. வளரட்டும்!

பறக்கும் குதிரையை ரசிகன் ஏற்பான். பறந்த குதிரை, மறு காட்சியிலே ஆற்றைக் கடக்க ஓடத்துக்குக் காத்து நின்றால், கேட்கமாட்டானா?

கேட்பவர் பகைவரல்லர். பழைய தொடர் நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, கடிதங்களைக் குவித்து, 1968-இல் அதற்கு மூன்றாம் ஆண்டு வாழ்வு வாங்கித் தந்தவர்கள் ரசிகர்களே! காப்பாற்றக் கை வேண்டும், கேட்க வாய் கூடாதா? கைதட்டல் கலைஞனை மகிழ்விக்கும். கேள்விதான் கலையை வளர்க்கும்!