தவக்காலம்: பிரியாணியை விட்டாச்சு, அந்தக் காசு எங்கே?

சாம்பல் புதன் வந்த கையோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அறிவிப்புகள் ஆரம்பித்துவிடும். 40 நாள் நான்வெஜ் கிடையாது, 40 நாள் இன்ஸ்டா கிடையாது, சிலருக்கு டீகூட கிடையாது. கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்றும், சி.எஸ்.ஐ. சபையினர் லெந்து நாட்கள் என்றும் சொல்லும் இந்தக் காலம், இளைஞர்களிடம் கிட்டத்தட்ட ஒரு 'சேலஞ்ச்' ஆகிவிட்டது.

அதில் தப்பில்லை. ஆனால் விட்டதோடு விஷயம் முடிந்துவிட்டதா?

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை 46 நாட்கள். 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாட்களின் நினைவு அது. கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச் சட்டத்தில் கட்டாயம் என்பது ரொம்பக் கொஞ்சம்தான். சாம்பல் புதன், புனித வெள்ளி என 2 நாட்கள் மட்டும் ஒருசந்தி, அதாவது ஒரே ஒரு வேளை முழுச் சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம். முன்பு ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒருசந்தியாக இருந்ததை 1966-ல் தளர்த்தியவர் போப் ஆறாம் பால். வயிற்றைக் காயப்போடுவதோடு நிற்காமல், ஜெபமும் தர்மமும் கூடவே வரவேண்டும் என்பது அவர் சொன்னது.

இது புதிய கருத்தும் இல்லை. 5-ம் நூற்றாண்டு ஆயர் பீட்டர் கிறிசோலோகஸ், ஜெபம், நோன்பு, இரக்கம் மூன்றையும் பிரிக்கவே முடியாது என்று போதித்தவர். வெள்ளிக்கிழமை பிரியாணியை விட்டதில் 300 ரூபாய் மிச்சம். அது ஞாயிற்றுக்கிழமை பஃபேக்குப் போனால், அது நோன்பு இல்லை, தள்ளிப்போட்ட சாப்பாடு!

பைபிளில் ஏசாயா 58-ம் அதிகாரம் இன்னும் கறார். நோன்பிருந்தும் கடவுள் கண்டுகொள்ளவில்லையே என்று மக்கள் புலம்புகிறார்கள். நோன்பு நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்பது அங்கே வரும் பதில். பசித்தவருக்குச் சாப்பாட்டைப் பகிர்வதும், ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும்தான் நோன்பாம். இதை இன்றைய ஆபீஸில் வைத்துப் பாருங்கள். காலையில் நெற்றியில் சாம்பல், ராத்திரி 10 மணிக்கு ஜூனியருக்கு 'நாளைக்குள்ள முடிச்சிடு' என்று மெசேஜ். வீட்டு வேலைக்கு வரும் அக்கா காய்ச்சலில் 2 நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். சிக்கனை விடுவதைவிட இதை விடுவதுதான் கஷ்டம்.

சாம்பல் புதன் திருப்பலியில் வாசிக்கும் நற்செய்தி, நோன்பிருப்பது வெளியே தெரியாதபடி முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு வாசலில் செல்ஃபி எடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

தவக்காலத்தில் வீட்டுக்கு ஒரு சின்ன உண்டியல் கொடுக்கும் பங்குகள் உண்டு. பிள்ளைகள் மிட்டாய்க் காசைப் போட்டு வைப்பார்கள். பெரியவர்கள் கையில் இப்போது சில்லறை புழங்குவதில்லை, சரி. தவிர்த்த டீ, தவிர்த்த ஆர்டர் எல்லாவற்றையும் போனில் குறித்துவைத்து, ஈஸ்டருக்கு முன்பு யாரோ ஒருவரின் ஸ்கூல் ஃபீஸுக்கோ மருந்துச் சீட்டுக்கோ அனுப்ப ஜிபே போதும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஸ்டேட்டஸில் வேண்டாம்.